பிரித்தறியும் வரை

சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு, நம் தெருவைச் சேர்ந்த தாயார் ஒருவர் சிறு துணிப்பை ஒன்றைக் கொணர்ந்து நம் முன் வைத்தார். அதனுள் பதினொரு பவுன் காசுகள் இருந்தன. மகளின் நிக்காஹுக்கென ஆண்டுக்கொன்றாய்ச் சேர்த்தவை. கடைசிக் காசு வாங்கியே ஓராண்டு நிறைந்துவிட்டது. “ஆலிம்சா, இதுல செம்பு கலந்திருக்குன்னு கடைக்காரர் சொல்றார். கலந்ததுக்கும் ஜகாத் உண்டா? உண்டுன்னா முழு எடைக்கா, தங்கத்துக்கு மட்டுமா?” என்று கேட்டார். “உம்மா, நீங்க ஷாஃபிஈயா, ஹனஃபியா?” என்றோம். “பொறந்த வீடு ஷாஃபிஈ, புகுந்த வீடு ஹனஃபி” என்றார் சிரித்துக்கொண்டே.

அவருக்குரிய விடையைக் கூறி அனுப்பினோம். அவ்விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும். அவர் சென்ற பின்னரும் அவ்வினா நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஓர் உலோகத்துள் மற்றோர் உலோகம் எவ்வளவு கலந்துள்ளது என்று அறிவது பொற்கொல்லரின் வேலை என்று நாம் எண்ணிவிடுகின்றோம். மதரஸாவில் ஓதும் நூல்களுக்கும் அதற்கும் தொடர்பேது என்று மாணவரும் கேட்பர். உண்மை என்னவெனில், இவ்வினா நம் மார்க்க வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அதற்கு விடை தேடியவர்கள் சுரங்கத்திலும் உலையடியிலும் துலாக்கோலின் முன்பும் நின்று வாழ்நாளைச் செலவிட்டவர்கள்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (கி.பி. 628) நிகழ்ந்த கைபர்ப் போரின்போது, ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் கழுத்தணி ஒன்றைப் பன்னிரண்டு பொற்காசுகளுக்கு வாங்கினார்கள். அதில் பொன்னும் மணிகளும் கோக்கப்பட்டிருந்தன. பின்னர் பொன்னை வேறாகவும் மணிகளை வேறாகவும் பிரித்து நிறுத்தபோது, பொன் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேற்பட்டிருந்தது! நாயகம் (ஸல்) அவர்களிடம் இதனைத் தெரிவித்தபோது, அத்தகைய பொருளைப் பிரித்தறியும் வரை விற்கலாகாது என்று அவர்கள் பணித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இதிலிருந்து ஷாஃபிஈ, ஹனஃபி இமாம்கள் வெவ்வேறு சட்டங்களை வகுத்தனர் என்பது உண்மையே. ஆயினும் பொன்னின் அளவு தெரியாமல் பொன்னுக்குப் பொன் மாற்றுவது ஆகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

மணியைப் பொன்னிலிருந்து பிரிக்க ஒரு கத்தரியும் பொறுமையும் போதும். வெள்ளியும் செம்பும் பொன்னோடு உருகிக் கலந்துவிட்டால் என் செய்வது?

தொடக்க காலத்தில் இவ்வினாவின் சுமை அரபு மக்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவர்கள் கையாண்டவை ரோமரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசுமே. அவற்றின் தரத்திற்கு அவ்வரசுகளே பொறுப்பு. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) முஸ்லிம்களுக்கெனத் தனிப் பொற்காசும், ஈராண்டுகளுக்குப்பின் வெள்ளிக்காசும் அச்சிடத் தொடங்கியதும் பொறுப்பு முழுவதும் நம் தலைமேல் வந்தது. அவர் காலத்துத் தீனாரின் எடை 4.25 கிராம். பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்காலுக்கு நிகர் என்ற கணக்கின்படி ஒரு திர்ஹம் ஏறத்தாழ 2.975 கிராம். இருபது மிஸ்கால் பொன் 85 கிராம் என்றும், இருநூறு திர்ஹம் வெள்ளி 595 கிராம் என்றும் இன்று ஜகாத் நூல்களில் காண்கின்றோமே, அவை இக்காசுகளை நிறுத்துப் பெற்ற கணக்குகளே. காசில் கலப்பு மிகுந்தால் ஜகாத் குறையும், மஹர் குறையும், கூலியாளின் ஊதியமும் அவன் அறியாமலே குறையும். ஆகவேதான் இப்னு கல்தூன், தம் முகத்திமாவில், நாணயச்சாலையைக் கண்காணிப்பதை மார்க்கத்தோடு இணைந்த பதவிகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகின்றார்.

இனி உலையடிக்குச் செல்வோம். நமக்கு வழிகாட்டுபவர் யமன் நாட்டு அறிஞர் அல்-ஹம்தானீ. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். ‘இக்லீல்’ என்னும் யமன் வரலாற்றால் அறியப்பட்டவர். பொன், வெள்ளி ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே அவர் தனி நூல் ஒன்று எழுதினார். ‘கிதாபுல் ஜவ்ஹரதைன்’ என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். சுரங்கம் எங்குள்ளது, கனிமத்தை எவ்வாறு உருக்குவது, எவ்வாறு தூய்மை செய்வது, காசு எவ்வாறு அச்சிடுவது என்பனவெல்லாம் அதில் உள. இரும்பைப் பொன்னாக்கும் கதை அதில் இல்லை. மேலைநாட்டார் பலர் அரபியரின் உலோக அறிவு என்றதுமே ரசவாதம் என்று எழுதிவிடுகின்றனர். நம்மவரும் அதனை அப்படியே பெயர்த்து எழுதுகின்றனர். ஒரு பொருளை மற்றொன்றாக மாற்ற இயலாது என்று இப்னு ஸீனா தம் ‘ஷிஃபா’வில் மறுத்துரைத்ததை எடுத்துக்காட்டுவோர் மிகச் சிலரே. ரசவாதிகள் செய்த கருவிகளால் வேதியியலுக்கு நன்மை விளைந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நாட்டின் காசைக் காத்தவர்கள் ரசவாதிகள் அல்லர். நாணயச்சாலையில் உலையூதிய உருக்குநர்களே.

யமனில் அர்-ரள்ராள் என்றொரு வெள்ளிச் சுரங்கம் இருந்தது. அதனை நடத்தியோர் அங்குக் குடியேறிய பாரசீகர். அச்சுரங்க ஊரில் நானூறு உலைகள் எரிந்தன என்றும், அவ்வுலைகளின் மேலே பறந்து வரும் பறவை உயிரற்று வீழும் என்றும் ஹம்தானீ எழுதுகின்றார். ஹிஜ்ரி 270இல் (கி.பி. 883) நேர்ந்த குழப்பத்தில் அச்சுரங்கம் பாழ்பட்டது. பறவை வீழ்ந்த செய்தியைப் புனைந்துரை என்று தள்ளுவதற்கில்லை. வெள்ளி பெரும்பாலும் ஈயக் கனிமத்தோடு கலந்தே கிடைக்கும். அதனை உருக்கும்போது எழும் புகையில் ஈயம் உண்டு, அது உயிர்க்கொல்லி. பறவைக்கு நேர்ந்தது உலையடியில் நின்ற மனிதனுக்கு நேராதிருந்திருக்குமா? ஒரு திர்ஹத்தின் வெண்மைக்குப்பின் எத்தனை பேரின் நெஞ்சு கறுத்ததோ, அக்கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை எளியது, ஆனால் நுட்பமானது. இரண்டும் கலந்த உருகலை எலும்புச் சாம்பலால் செய்த ஆழமற்ற கிண்ணத்தில் இட்டு, மேலே துருத்தியால் காற்றை ஊதுவர். காற்றுப் பட்டதும் ஈயம் உயிர்வளியோடு சேர்ந்து மஞ்சள் நிறமான பொருளாகும். இதனையே நம் நாட்டு மருந்துக்கடைகளில் மிருதாரசிங்கி என்று விற்பர். பாரசீக ‘முர்தாஸங்க்’ நம் நாவில் அவ்வாறு திரிந்துவிட்டது. இப்பொருளை எலும்புச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். செம்பு முதலிய தாழ்ந்த உலோகங்களும் அதனோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும். வெள்ளிக்குக் காற்றோடு சேரும் குணம் இல்லையாதலின் அது மட்டும் கிண்ணத்தில் நிற்கும். கடைசி ஈயத்துளி நீங்கும் நொடியில் வெள்ளியின் முகத்தில் ஓர் ஒளி பளிச்சிடும். வேலை முடிந்தது என்பதற்கு உருக்குநருக்கு அதுவே அறிகுறி. வெள்ளி அற்பமாகவே உள்ள கலவையாயினும், வேண்டுமென்றே ஈயத்தைச் சேர்த்து இம்முறையால் தூய்மை செய்வதுண்டு. ஈயம் அழுக்கைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விடுகின்றது.

இம்முறை பொன்னையும் வெள்ளியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரிக்காது. இரண்டும் காற்றை அஞ்சாதவை. கிண்ணத்தில் இரண்டுமே சேர்ந்து நிற்கும். அங்குதான் உப்பு வருகின்றது.

பொன்னை மெல்லிய தகடாக அடிப்பர். உப்பும் செங்கற்பொடியும் கலந்த தூளை மண்கலத்தில் பரப்பி, அதன்மேல் தகடு, மீண்டும் தூள், மீண்டும் தகடு என்று அடுக்கி, வாயை மூடி மண் பூசி, நீண்ட நேரம் நெருப்பில் வைப்பர். பொன் 1064 பாகைச் சூட்டில் உருகும். இங்கு அந்த அளவை எட்டவே கூடாது. உருகினால் வேலை கெட்டது. சூடு மிதமாய் இருப்பின், உப்பிலிருந்து எழும் குளோரின் ஆவி தகட்டினுள் நுழைந்து வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு உண்டான சேர்மம் உருகிச் செங்கற்பொடியுள் ஊறிவிடும். பொன் அசையாது நிற்கும். ஒரு முறையில் போதாதெனின் மறுமுறை, மும்முறை என்று திரும்பச் செய்வர். அப்பொடியையும் எறிந்துவிடுவதில்லை, அதில் ஊறிய வெள்ளியை ஈயத்தைக் கொண்டு மீட்பர். கி.பி. 1867இல் மில்லர் என்பார் உருகிய பொன்னினுள் குளோரின் வாயுவைச் செலுத்தித் தூய்மை செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பொறி மாறிற்று; பொன்னிலிருந்து வெள்ளியைப் பிடித்திழுக்கும் கை அன்றும் இன்றும் ஒன்றே.

தமிழில் இதனைப் புடமிடுதல் என்போம். புடமிட்ட பொன் என்று நல்லோரைப் புகழ்கின்ற நாம், புடத்தினுள் நிகழ்வது என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. திருமறையின் ‘அர்-ரஃது’ அத்தியாயத்தின் 17ஆம் வசனத்திலும் அணிகலனுக்காகவும் கருவிக்காகவும் உலோகத்தை உருக்குகையில் மேலெழும் நுரை, சத்தியத்துக்கும் அசத்தியத்துக்கும் உவமையாகக் கூறப்பட்டிருக்கின்றது. உலையடியில் ஒருமுறையேனும் நின்று பார்த்தவனுக்கு அவ்வுவமையின் ஆழம் வேறாகப் புலப்படும்.

தூய்மை செய்தாயிற்று, தூய்மையாயிற்று என்பதற்குச் சான்று என்ன? நாணயச்சாலைகளில் மிகத் தூய்மை செய்யப்பட்ட பொன்னை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டனர். அந்த அளவுகோற் பொன்னுக்கு ‘இமாம்’ என்று பெயர் வழங்கியதாக இப்னு கல்தூன் குறிப்பிடுகின்றார். தொழுகையில் மற்றவர் பின்பற்ற முன் நிற்பவர் இமாம். உலைக்களத்தில் மற்றப் பொன்னெல்லாம் பின்பற்ற முன் நிற்பதும் இமாம்! நம் தட்டார்கள் உரைகல்லில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென மாற்று அறிந்த பொன் ஊசிகளை வைத்திருந்தனர். அவற்றுள் மிக உயர்ந்தது ஆணிப்பொன். அரபியில் இமாம், தமிழில் ஆணி. எகிப்தில் ஐயூபி சுல்தான் அல்-காமில் காலத்தில் (1218–1238) நாணயச்சாலையில் பணியாற்றிய இப்னு பஃரா என்பவர் அச்சாலையின் தொழில் மறைகளை ஒரு நூலாகவே எழுதிவைத்தார். மறைத்து வைத்தால் தம் மக்கள் பிழைப்பர் என்று எண்ணாமல் எழுதினாரே, அதற்காகவே அவரை வாழ்த்தலாம்.

உரைகல்லுக்கும் நெருப்புக்கும் ஒரு குறை உண்டு. உரைகல் மேற்பரப்பை மட்டுமே காட்டும். நெருப்போ பொருளையே அழித்துவிடும். அழகிய கலமொன்றை உருக்காமலே அதனுள் என்ன இருக்கின்றது என்று அறிய வழியுண்டா? கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் நீர்த்தொட்டியில் கண்ட வழியை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கின்றோம். அதனை ஒரு கருவியாகவும் எண்களாகவும் நிலைநாட்டியவர்கள் நம் முன்னோர்.

அல்-பீரூனி ஒரு கூம்புக் கலம் செய்தார். அதன் கழுத்தில் சிறு குழாய் ஒன்று வளைந்து வெளிவரும். கலம் நிறைய நீர் ஊற்றி, எடையிட்ட உலோகத்தை உள்ளே இட்டால், அதன் கன அளவுக்குச் சரியான நீர் குழாய் வழியே வழிந்து தட்டில் விழும். அந்நீரை நிறுத்தால் கணக்குத் தெரியும். பொன் நீரைப்போல் 19.26 மடங்கு கனமுடையது என்பது அவருடைய அளவுகளிலிருந்து பெறப்படுகின்றது. இன்றைய கணக்கு 19.3. ஈயத்திற்கு அவர் கணக்கு 11.40, இன்றைய கணக்கு 11.34. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கையால் செய்த கலத்தோடு இத்துணை நெருங்கினார் என்றால் அவர் எத்தனை முறை அளந்திருக்க வேண்டும்!

இவருக்குப் பின் வந்தவர் அல்-முளஃப்பர் அல்-இஸ்ஃபிஸாரி. உமர் கய்யாமின் காலத்தவர். இவரைப் பற்றி அல்-பைஹகீ என்னும் வரலாற்றாசிரியர் கூறும் செய்தியைப் படித்த நாள் நமக்கு உறக்கம் வரவில்லை. பொன்னில் உள்ள கலப்பையும் கள்ள மணியையும் உருக்காமலே காட்டும் துலாக்கோல் ஒன்றை அவர் நெடுங்காலம் பாடுபட்டுச் செய்து, சுல்தான் ஸன்ஜரின் கருவூலத்தில் ஒப்படைத்தார். கருவூலத்தின் காப்பாளனுக்கு நடுக்கம் பிடித்தது. அக்கோல் பேசத் தொடங்கினால் அவன் செய்துவந்த மோசடி வெளிப்பட்டுவிடும் அன்றோ? அவன் அதனை உடைத்துத் துண்டுகளாக்கி எறிந்தான். இஸ்ஃபிஸாரி அத்துயரிலேயே நோயுற்று உயிர் நீத்தார்.

அக்கோலை மீண்டும் உருவாக்கியவர் அல்-காஸினீ. ரோம நாட்டிலிருந்து அடிமையாக வந்து, மர்வு நகரில் உரிமை பெற்று, கல்வியில் உயர்ந்தவர். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121–22) ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் பெருநூலை அவர் அதே ஸன்ஜரின் கருவூலத்துக்கென எழுதினார். ஐந்து தட்டுகளைக் கொண்டது அவருடைய துலாக்கோல். பொருளைக் காற்றில் நிறுத்தும் நீரில் நிறுத்தும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால், பொன்னில் வெள்ளி எவ்வளவு என்று அது காட்டும். இரண்டு உலோகங்கள் மட்டும் கலந்திருக்கும்போதுதான் இக்கணக்கு ஐயமின்றி நிற்கும். மூன்றாவது ஒன்று சேர்ந்துவிட்டால் நீர் மட்டும் சான்று சொல்லப் போதாது. இவ்வளவு பொன்னை நிறுத்த அம்மனிதர், தமக்கு அன்பளிப்பாக வந்த ஆயிரம் தீனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றும் வரலாறு கூறுகின்றது. தம்மிடம் பத்துத் தீனார் இருப்பதாகவும், ஆண்டுக்கு மூன்று தீனார் தமக்குப் போதும் என்றும், வீட்டில் தம்மையன்றி ஒரு பூனையே உண்டென்றும் அவர் விடையளித்தாராம்.

இவ்விடத்தில் மதரஸா மாணவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். இமாம் நவவீ அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் நாட்டு ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் நூல். அதன் ஜகாத் பாடத்தில், பொன்னும் வெள்ளியும் கலந்து வார்த்த கலம் ஒன்று பேசப்படுகின்றது. விரிவுரையாளர்கள் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு: கலத்தின் எடை ஆயிரம், ஒன்று அறுநூறு, மற்றொன்று நானூறு, எது அறுநூறு என்று தெரியாது. பேணுதலாக இரண்டையும் அறுநூறாகக் கொண்டு ஜகாத் வழங்கலாம். அல்லது நெருப்பால் பிரித்தறியலாம். மூன்றாவதாக நீர்ச்சோதனையும் கூறப்படுகின்றது. ஆயிரம் எடை பொன்னை நீரில் இட்டு நீர் ஏறும் இடத்தைக் குறி. ஆயிரம் வெள்ளியை இட்டு மீண்டும் குறி. பின்னர் கலத்தை இடு. எக்குறிக்கு நீர் நெருங்குகின்றதோ அதுவே மிகுதி. மாணவர் பலர் இவ்வரிகளை இலக்கணம் பிரித்துப் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நாமும் நம் மாணவப் பருவத்தில் அவ்வாறே நகர்ந்தோம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் செம்மை விளங்கும். ஆயிரம் கிராம் பொன் ஏறத்தாழ 52 கன சென்டிமீட்டர் நீரை விலக்கும். ஆயிரம் வெள்ளி 95. பொன் அறுநூறாயின் கலம் 69 விலக்கும். வெள்ளி அறுநூறாயின் 78. நடுவிடம் 73½. ஆகவே குறி பிசகாது. ஆர்க்கிமிடீஸின் நீர், பீரூனியின் கூம்பு, காஸினீயின் தட்டு ஆகிய மூன்றும் வந்து சேர்ந்த இடம் ஒரு ஃபிக்ஹு நூலின் ஜகாத் பாடம்!

இதுவரை கூறியதைக் கொண்டு, கலப்பு என்றாலே குற்றம் என்று எவரும் கொள்ளற்க. கலந்தால்தான் பயன்படும் உலோகங்களே உலகில் மிகுதி. தூய பொன் மென்மையானது. அதில் வளையல் செய்தால் நாளடைவில் நெளியும், தேயும். செம்பும் வெள்ளியும் சிறிது சேர்ந்தால் உறுதி பெறும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். மணியோசையும் கடினமும் அதனால் வரும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. இதில் ஒரு வியப்பு உண்டு. துத்தநாகம் 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். செம்பு உருகுவதோ 1085 பாகையில். ஆகையால் துத்தநாகத்தை உலோகமாகக் காணாமலேயே பண்டையோர் பித்தளை செய்தனர். ‘தூத்தியா’ எனும் அதன் மண்ணையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூசையில் அடைத்துச் சூடேற்றினால், எழும் ஆவி செம்பினுள் புகுந்துவிடும். அந்த ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரச் செய்து உலோகமாகவே பிடிக்கும் கலையில் ராஜஸ்தானத்து ஜாவர் சுரங்கத்தார் முன்னோடிகளாயினர். தொழுகை நேரமும் கிப்லாவும் கணித்த அஸ்துர்லாபுகள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. நுண்ணிய கோடுகளைச் செதுக்க இடங்கொடுப்பதும் துருவேறாதிருப்பதும் அதன் சிறப்பு. மோஸுல் நகரத்துக் கைவினைஞர் வெள்ளி இழைத்துச் செய்த பித்தளைக் கூசாக்களுள் ஒன்று, ஹிஜ்ரி 629 (கி.பி. 1232) என்ற ஆண்டையும் செய்தவர் பெயரையும் தாங்கி, இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நம் வீட்டு விருந்துகளில் பிரியாணி வேகும் செம்புத் தேக்சாவுக்கு உள்ளே ஈயம் பூசுவதைக் கலாய் பூசுதல் என்கின்றோம். ‘கலயீ’ என்பது அரபியில் வெள்ளீயத்தின் பெயர். கலஹ் என்னும் துறைமுகத்திலிருந்து வந்ததால் அப்பெயர் பெற்றது என்பர். மலாய்க் கரையில் இருந்த அக்கலஹ், தமிழர் கடாரம் என்றழைத்த ஊரே என்று கருதும் அறிஞர் பலர். பூச்சு தேய்ந்துபோன செம்புக் கலத்தில் புளிப்புள்ள உணவு நின்றால் களிம்பு இறங்கும். ஆதலின் அவ்வெண்பூச்சு அழகுக்கன்று, உயிர்காப்புக்கு.

ஆக, குற்றம் கலப்பதில் இல்லை. கலந்ததை மறைப்பதில் உள்ளது. கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்காடிக் கண்காணிப்பாளர்களுக்கென ‘நிஹாயத்துர் ருத்பா’ எழுதிய அஷ்-ஷைஸரீ, பொற்கொல்லருக்கு ஒரு விதி கூறுகின்றார். உரிமையாளர் முன்னிலையில் நிறுத்த பின்னரே அவருடைய பொன்னை உலையில் இடவேண்டும். அணி முடிந்ததும் மீண்டும் நிறுக்கவேண்டும். பற்றவைக்கும் பொடி தேவைப்பட்டால் அதனை வைக்குமுன் அதையும் தனியே நிறுக்கவேண்டும். அப்பொடியை நம் பழந்தமிழர் ஆசு, பற்றாசு என்றனர். ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்று யாப்பிலக்கணத்தில் வருகின்றதே, அந்த ஆசும் இதுவே. தனிச்சொல் பொருந்தாதபோது இடையில் வைத்து இணைக்கும் அசை. பேச்சில் சூது வைப்பவரைப் பொடி வைத்துப் பேசுகிறார் என்கின்றோம். அணியில் வைத்த பொடிக்கு ஷைஸரீ துலாக்கோல் கேட்டார். பேச்சில் வைத்த பொடிக்கு அவர் கூட என்ன செய்ய இயலும்!

பொடியால் வரும் தீங்கு எடையோடு நிற்பதில்லை. அண்மைக் காலம் வரை கேட்மியம் கலந்த பொடியால் நகை பற்றவைத்தனர். குறைந்த சூட்டில் உருகுவதால் வேலை எளிது. ஆனால் அதன் புகை பட்டறையில் குனிந்திருப்பவரின் நுரையீரலைத் தின்றது. அதனாலேயே அது விலக்கப்பட்டது. அர்-ரள்ராளின் பறவை நம் பட்டறை வரை வந்துவிட்டது எனலாம்.

இனி அந்தத் தாயாரின் பைக்கு வருவோம். பதினொரு பவுன் என்பது 88 கிராம். காசுகள் 22 காரட். அதாவது ஆயிரத்தில் 916 பங்கு பொன். ஆகவே அவற்றுள் உள்ள தூய பொன் 80½ கிராமுக்குச் சற்று மேல். வேறு பொன்னோ வெள்ளியோ பணமோ அவரிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஹனஃபி மத்ஹபில், கலவையில் பொன் மிகுந்திருந்தால் முழுவதும் பொன்னாகவே கணிக்கப்படும். 88 கிராம் என்பது 85ஐயும் கடந்தது, ஏழரைத் தோலா எனக் கணக்கிடுவோரின் 87.48ஐயும் கடந்தது, ஜகாத் கடமை, நாற்பதில் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபில், தூய பொன் மட்டுமே நிஸாபை எட்டவேண்டும், 80½ எட்டவில்லை, கடமை இல்லை. ஒரே பை, ஒரே எடை, இரு தீர்ப்பு! இரண்டும் மாற்று அறிந்த பின்னரே சொல்லத்தக்கவை. 22 காரட்டை 18 என்றோ 24 என்றோ தவறாகக் கொண்டால் ஷாஃபிஈ கணக்கு முழுவதும் சரிந்துவிடும். 22 காரட் பொன்னில் 85 கிராம் தூய பொன் சேர, எடை 92¾ கிராமுக்கு மேல், அதாவது ஏறத்தாழ பதினொன்றரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதலாய் வேண்டும்.

இங்கு நாம் காசை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. அது வேறு பாடம். சேர்த்து வைத்த காசில் அவ்வேறுபாடு குறுக்கிடாது. தாயார் தாம் இப்போது ஹனஃபி முறையிலேயே தொழுதும் ஒழுகியும் வருவதாகக் கூறியதால், 2.2 கிராமின் விலையை வழங்கும்படி கூறினோம். “அவ்வளவுதானா, ஆலிம்சா?” என்று கேட்டுவிட்டு, அதற்கு மேலும் சிறிது சேர்த்தே கொடுத்தார்.

நம் நாட்டில் கி.பி. 2000 முதல் பொன் நகைகளுக்குத் தர முத்திரை வழங்கப்பட்டு வருகின்றது. 2021 ஜூன் மாதம் முதல் அது மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகின்றது. முத்திரையில் 916 என்ற எண் இருப்பின் 22 காரட். 750 எனின் 18. சோதனைக்கூடங்களில் ஊடுகதிரைப் பாய்ச்சிப் பார்ப்பர்; ஐயம் எழுந்தால் சிறு துண்டை வெட்டி, ஈயத்தோடு கிண்ணத்திலிட்டு நெருப்பில் வைத்தே முடிவு கூறுவர். ஹம்தானீ இன்று வந்து நின்றால், அக்கிண்ணத்தை மட்டும் அடையாளங் கண்டுகொள்வார். ஆனால் முத்திரை மாற்றை மட்டுமே சொல்லும், எடையைச் சொல்லாது. கல் பதித்த அட்டிகையை வாங்கும் குடும்பத்தார், விலைச்சீட்டில் கல்லின் எடை கழித்துக் காட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்து, அச்சீட்டை நகையோடு சேர்த்தே பெட்டியில் வைக்கட்டும். ஜகாத் கணக்கிட அமரும் இரவில், கைபரில் ஃபளாலா (ரலி) அவர்கள் செய்ததுபோல நகையை அறுத்துப் பார்க்க வேண்டியிராது.